செல்லம்மாக்காவின் வயிற்றுப் படம்

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் செல்லம்மாக்கா, வயிறு வலிக்கிறதென்று ஒரு வருசமாகச் சொன்னார். தோட்டத்து டிஸ்பென்சர் அதை நம்பாமல் வெள்ளை மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து கொழுந்து மலைக்கே திருப்பி அனுப்பினார். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. நான் மருத்துவ மாணவி. கொட்டகலைக்காரி என்பதால், சிங்கள டாக்டருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் நடுவே பேசுவதும் என் வேலை.

தண்ணீர்

ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொள்ளுங்கள் என்று மன்றாடுவோம். டவுன் பெண்கள் நெளிவார்கள். செல்லம்மாக்கா அசையவில்லை. கஷ்டமாயில்லையா என்று கேட்டேன்.

"மலையில கக்கூஸா கட்டி வச்சிருக்காங்க? விடியக்காலம் பெரட்டுல பேர் குடுத்து மலை ஏறினா, பொழுதுக்கும் இதே வேலதானே தங்கச்சி."

இரண்டு பக்கமும்

வயிறு உப்பியதைப் பார்த்து, முழுகாமல் இருக்கிறார் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்களாம். திரையில் குழந்தை இல்லை. வயிற்றில் நீர், இரண்டு சூலகங்களும் கெட்டியாகப் பருத்திருந்தன. இரண்டு பக்கமும் இப்படி வந்தால் புற்று வேறிடத்திலிருந்து பரவியிருக்கலாம், சாப்பாடு இறங்குகிறதா என்று கேள் என்றார் டாக்டர். பிறகு வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தபோது, அது தொடங்கிய இடம் இரைப்பைதான் என்று உறுதியானது. அந்த வலி வெள்ளை மருந்து வாங்கிய அதே வலி. வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டியிருந்தது.

புருசனிடம் மட்டும் சொல்லச் சொன்னார் டாக்டர். வயிறு யாருடையது என்று அவரோடு வாதாடிவிட்டு, அக்காவிடமே சொன்னேன். அவர் மெஷினைப் பார்த்தார்.

"நான் வாயால சொன்னப்ப வலி இல்லேன்னாங்க. பொட்டியில தெரிஞ்சதும் இருக்குங்கிறாங்க."

பதில்

அக்காவிடம் கேட்டு, படத்தை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிடம் போனேன். அவர் துண்டு எழுதிக் கொடுத்தால்தான் தோட்டத்து ஆள் எங்கள் பெரியாஸ்பத்திரிக்கு வரலாம், வந்தால்தான் ஸ்கேன். அக்காவுக்கு அவர் அதை எழுதியது வயிறு உப்பிய பிறகுதான். ஒரு துண்டை முன்பே எழுதக் கை வலித்ததா என்றேன். வயிற்றுவலிக்காரரையெல்லாம் அனுப்பினால் கொழுந்தெடுக்க ஆளிருக்காது, தோட்டத்துத் துரைக்கு யார் பதில் சொல்வது என்றார். நான் விடவில்லை. கடைசியில் படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஒரு வருசமாக யாரும் சொல்லாத பதில் அப்போது வந்தது.

"இத அப்பவே கொண்டாந்து காட்டியிருந்தா, அன்னிக்கே துண்டு எழுதியிருப்பேனே மிஸ்."