கப்பலில் எனக்கு மட்டும் எடுத்த பாஸ்

கப்பலில் நான் மூன்று நாள் சூடான கல்லின் மேல் படுத்துக் கிடந்தேன். என் தங்கை படுக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று மருமகள் கேட்டாள். இருக்கிறது என்றேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அவசரம் ஒன்றும் இல்லை.

நல்லூரில் எங்களுக்குப் பனியன் தைக்கும் யூனிட் இருக்கிறது. நான்கு மெஷினோடு நானும் என் வீட்டுக்காரரும் ஆரம்பித்தது. அவர் போன பிறகு நான் நடத்தினேன். இப்போது மகன் பார்க்கிறான். அவனுக்குத் தையல் நூல் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்கள் ஒரு கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாப் பக்கம் இரண்டு ஊரைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் மறுபடி சிங்கப்பூரில் இறங்க வேண்டும். நான்கு பேருக்கு டிக்கெட். பேத்திகள் இருவருக்கும் பரீட்சை. அதனால் மகன், மருமகள், நான், என் தங்கை என்று கிளம்பினோம்.

தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். புருஷன் இறந்தபின் என்னிடம் வேலைக்கு வந்தவள், முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் யூனிட்டிலேயே செக்கிங் பார்க்கிறாள். தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற வேலை. அவள் கையைத் தாண்டி ஒரு பழுதும் காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் போனதில்லை. அந்த வேலையை எங்கள் யூனிட்டில் நின்றுகொண்டுதான் செய்வார்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

கப்பலில் ஏறிய அன்று மத்தியானம் மருமகள் எங்கள் இருவரையும் மேல்மாடிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஸ்பா என்று ஓர் இடம். முதல் நாள் மட்டும் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பாஸ் வாங்கலாம். வாங்கிவிட்டால் கப்பல் திரும்பிச் சேரும்வரை நினைத்தபோதெல்லாம் போய் வரலாம். மேசையில் இருந்த பெண் மலேசியாக்காரி. தமிழ் பேசினாள்.

"பாட்டி, இது ஸ்டீம் ரூம். உள்ள உக்காந்தா உடம்பு வலி எல்லாம் போயிடும்," என்று ஒரு கண்ணாடிக் கதவைத் திறந்தாள். ஆவி புஸ்ஸென்று முகத்தில் அடித்தது.

தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அயர்ன் டேபிளுக்குப் பக்கத்துல நின்னாலும் இதே ஆவிதான் கண்ணு. அங்க கூலியும் குடுப்பாங்க," என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தங்கை எப்போதும் அப்படித்தான், சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

அதற்கடுத்த அறையில்தான் அந்தக் கல் படுக்கைகள் இருந்தன. ஒரு வரிசையாக, முதுகின் வளைவுக்கும் காலின் வளைவுக்கும் தக்கபடி செய்து, மேலே சின்னச் சின்ன ஓட்டுச் சில்லுகள் பதித்திருந்தார்கள். உள்ளிருந்து இதமான சூடு. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கிற இடம், கம்பி, கடல்.

"படுத்துப் பாருங்க பாட்டி, பரவால்ல," என்றாள் அந்தப் பெண்.

நான் படுக்கவில்லை. அடுத்தவர் படுத்த இடத்தில் படுக்கிற பழக்கம் எனக்கில்லை. தங்கை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தாள். கண்ணை மூடினாள். அப்புறம், "அக்கா, காலு எங்கயோ போயிருச்சுங்க," என்றாள். "எனக்குக் காலு இருக்குதான்னே தெரீலீங்க."

அப்போது அவள் சேலை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. நான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமும் கருப்புமாகப் புடைத்து, சிக்கு விழுந்த நூல்போலச் சுருண்டு கிடந்தது. கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது. கூடப் பிறந்தவள்தான், தினமும் பார்க்கிறவள்தான். ஆனால் அவள் காலை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மருமகளும் பார்த்துவிட்டாள். "ஏனுங்க அத்தை, உங்க ரெண்டு பேருக்கும் பாஸ் எடுத்துக்கலாமுங்க," என்றாள். "சின்னம்மாளுக்கு நல்லா இருக்குமுங்க."

எங்கள் வீட்டில் எதையும் நான் சரி என்று சொன்னால்தான் வாங்குவார்கள். நூல் ஆனாலும் சரி, கார் ஆனாலும் சரி. விலையை மருமகள் நம் காசுக்கு மாற்றிச் சொன்னாள். அதிகம்தான். ஆனாலும் விலை ஒரு காரணமே இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

"சாம்பிள் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்," என்றேன். "லாட்டு வரும்போதல்லோ தெரியும்."

எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். காட்டுகிற ஒரு பனியனை நல்ல துணியில், நல்ல டெய்லரை வைத்துத் தைத்துக் காட்டுவார்கள். அதை நம்பி ஆர்டர் போட்டால் அப்புறம் வருகிற ஆயிரம் பீசும் வேறு மாதிரி இருக்கும். முதல் நாள் இப்படிச் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள், நாளைக்குக் கூட்டம் வந்தால் படுக்க இடம் இருக்காது, துண்டு ஈரமாக இருக்கும் என்று நான் விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். "நாம கடலப் பாக்க வந்தோம். படுக்கறதுக்கு ஊட்லயே கட்டில் இருக்குது."

மருமகள் தங்கையைப் பார்த்தாள். தங்கை எழுந்து சேலையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா சொல்றது சரிதானுங்க," என்றாள். நான் எதைச் சொன்னாலும் அவள் சொல்கிற வார்த்தை அது.

இப்போது ஸ்டூல் கதையைச் சொல்ல வேண்டும்.

அவள் வேலைக்கு வந்து ஏழெட்டு வருடம் ஆனபோது ஒருநாள், டீ நேரத்தில், எல்லோரும் இருக்கையில் என்னிடம் வந்து, "அக்கா, செக்கிங் டேபிள்கிட்ட ஒரு ஸ்டூல் போட்டுக்கட்டுமுங்களா? காலு கடுக்குதுங்க," என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "உனக்குப் போட்டா அத்தன பேருக்கும் போடோணும். உக்காந்தா கண்ணும் சேந்து உக்காந்துக்கும்." மற்றப் பெண்கள் சிரித்தார்கள். தங்கச்சி என்று சலுகை காட்ட மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரிந்ததில் எனக்கு அன்றைக்குப் பெருமை. அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. மகன் பொறுப்புக்கு வந்த பிறகும், அம்மா சொன்னது என்று அப்படியே விட்டுவிட்டான்.

கல்லின் மேல் கிடந்த அந்தக் காலைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அதை யாரும் பார்க்கக் கூடாது, அவள் எழுந்து சேலையை மூட வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. மூன்று நாளும் இந்தக் காலுக்குப் பக்கத்தில் நான் படுத்திருக்க வேண்டுமே என்று பயந்தேன். சாம்பிள், லாட்டு என்று சொன்னதெல்லாம் அதை மூடத்தான்.

அன்று சாயங்காலம் மகன் என் அறைக்கு வந்தான். "அம்மா, உங்க கார்டுல ஸ்பா பாஸ் போட்டாச்சுங்க. நாளைக்கு இருந்து போலாமுங்க," என்றான். அந்தக் கப்பலில் எல்லாவற்றுக்கும் ஒரே கார்டுதான். அறைச் சாவியும் அதுதான், எது வாங்கினாலும் கணக்கு அதில்தான்.

"நான்தான் வேண்டாம்னனே."

"நீங்க வாயத் தொறந்து கேக்க மாட்டீங்க, உங்களுக்கு முதுகு வலின்னு சின்னம்மாதானுங்க சொன்னாங்க."

"அவளுக்கு?"

"எனக்கெதுக்கு, அக்காளுக்கு மட்டும் எடு சாமின்னாங்க. நான் எடுக்கும்போதே கடைசிப் பாஸுங்க. முடிஞ்சு போச்சுன்னு போர்டே வெச்சுட்டாங்க."

என் முதுகு வலியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். பழுது கண்டுபிடிக்கிறவளின் கண், வேறென்ன.

மறுநாள் காலையில் என் கார்டை அவள் கையில் கொடுத்து, "நீ போ புள்ள. நம்ம ரெண்டு பேரும் ஒரே மூஞ்சிதான். யாரும் கேக்க மாட்டாங்க," என்றேன். பொய் சொல்லச் சொன்னேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். அவள் மாட்டேன் என்றாள். நான் அதட்டினேன். போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"என்னாச்சு?"

"கார்டத் தேச்சதும் டிவியில உங்க மூஞ்சி வந்துருச்சுங்க. இது நீங்களா பாட்டின்னு அந்தப் புள்ள கேட்டுச்சு."

"ஆமான்னு சொல்றதுதான."

"இல்ல, எங்கக்கான்னு சொல்லிட்டனுங்க. உங்கள மாதிரி மொறைக்க எனக்கு வராதுங்க அக்கா. போலீஸ்ல புடிச்சுக் குடுக்காம உட்டாங்களே, அது போதும்."

அப்படியானால் நானும் போகவில்லை என்றேன். மனதார அப்படித்தான் சொன்னேன். "காசு குடுத்தாச்சு, போகலீன்னா அந்தப் பையன் சங்கடப்படுவானுங்க," என்று அவளே என்னைக் கிளப்பி, கதவு வரை கொண்டுவந்து விட்டாள். மேசைப் பெண் எனக்கு ஒரு அங்கியைக் கொடுத்தாள். தங்கை அதை வாங்கி, கை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இதா, இங்க தையல் உட்டுப் போச்சு. வேற குடு கண்ணு," என்றாள். வேறொன்று வந்தது. அதையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள்.

நான் போய்ப் படுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. கூட்டம் இல்லை, துண்டு காய்ந்திருந்தது, கல் அதே சூட்டில் இருந்தது. சாம்பிள் எப்படியோ லாட்டும் அப்படியே. அரை மணி நேரத்தில் முதுகு விட்டுக் கொடுத்தது. தூங்கிப் போனேன்.

விழித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி. அவளைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அவள் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பாள், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த காலுக்கு மாற்றுவாள். செக்கிங் மேசையில் நிற்கிற அதே நிலை. திரும்பி என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது கேட்டேன். "அத்தன சேர் கெடந்துதே, உக்காந்தா என்ன?"

"உக்காந்தா காலு மரத்துப் போகுதுங்க அக்கா. நின்னாத்தான் சரியா இருக்குது. பழகிப் போச்சுங்க."

பக்கத்தில் மருமகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஸ்டூல் தராமல் போனது தப்பு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தயிர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமுங்க என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. முதுகு கேட்டது, போனேன். தினமும் அவள் கதவு வரை வந்து, அங்கியைப் புரட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். மூன்றாம் நாள் நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முழு நேரமும் அவளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அதனால் அவளுக்கு என்ன ஆகப்போகிறது. ஆனாலும் பார்த்தேன்.

ஊருக்கு வந்த மறுநாளே மகனிடம் செக்கிங் மேசைக்கு ஸ்டூல் வாங்கிப் போடச் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, நீங்கதான வேண்டாம்னு வெச்சிருந்தீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்."

ஆறு ஸ்டூல் வந்தன. மற்றப் பெண்கள் அன்றே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கண் ஒன்றும் உட்கார்ந்துகொள்ளவில்லை. பழுது முன்பு எப்படிப் பிடிபட்டதோ அப்படியே பிடிபடுகிறது. தங்கையின் ஸ்டூல் மேல் அவளுடைய டிபன் பை இருக்கிறது.

தினமும் பதினொரு மணி டீக்கு நான் யூனிட்டுக்குப் போவேன். வாசலில் என் தலையைப் பார்த்ததும் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருகிறாள். நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்தபடியே பனியனைப் புரட்டுகிறாள். நான் வெளியே போனதும் பை மறுபடி ஸ்டூலுக்குப் போய்விடுகிறது, அவள் எழுந்து நின்றுகொள்கிறாள் என்று டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள். எனக்குச் சொன்னாள் என்பது தங்கைக்குத் தெரியாது.

அதனால் இப்போதெல்லாம் டீயை மெதுவாகக் குடிக்கிறேன். இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொள்கிறேன்.