நான் எடுத்த வீடியோ

பூப்பறிக்கும் பெண்களின் நகக்கண்ணில் ரத்தம் கசிவதைப் பார்த்துப் பொறுக்காமல், பழங்காநத்தத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் இப்ராஹிம் அண்ணன் ஒரு கருவி செய்தார். விரலில் மாட்டிக்கொண்டால் மல்லிகை மொட்டு அலுங்காமல் வரும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஊரே பாக்கட்டும்ணே" என்று வீடியோ எடுத்து, அன்றே யூடியூபில் போட்டேன்.

அதன்பிறகுதான் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரு பெரிய கம்பெனி எதிர்த்தது. சென்னையில் விசாரணை. அண்ணனுக்காகப் பேச நானும் போனேன். நான் வாயைத் திறக்குமுன் கம்பெனி வக்கீல் லேப்டாப்பைத் திருப்பினார். அதில் என் குரல்: "வாங்க மக்களே, உள்ள என்ன இருக்குன்னு கழட்டியே காட்டுறேன்!"

விண்ணப்பத்துக்கு முன்பே ஊருக்குக் காட்டிய பொருளுக்கு உரிமை கிடையாது என்று அதிகாரி முடித்துவிட்டார்.

ஊர் திரும்பி மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அண்ணன் சொன்னார். "நல்லதுக்குத்தான மாப்ள போட்ட. விடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அந்தக் கம்பெனி அதே கருவியை அரசு மானியத்தோடு விற்கிறது. அந்த விலைக்கு அண்ணனால் செய்ய முடியவில்லை, நிறுத்திவிட்டார். வீடியோவுக்குக் கீழே இன்றும் யாராவது, "எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கம்பெனியின் பெயரைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.