கேதம் சொல்ல யார் வர வேண்டும்?

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று ஹட்டனில் எனக்குச் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. இந்த மலைகளில் புதுக் கூரை ஏறினால் தகரம் பெரும்பாலும் என் கடையிலிருந்துதான் போயிருக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

தோட்டத்துச் சனங்களுக்கென்று ஓர் இணையத்தளம் தொடங்கியதும் நானே. பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள், ஊர்ச் சேதி ஓரிடத்தில் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். கட்டித் தந்தவர் பசாரில் கம்ப்யூட்டர் கடை நடத்தும் ஒரு முஸ்லிம் பெண். உறுப்பினர் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனதும் ஒரு பக்கம் விரியும். டாஷ்போர்டு என்பார் அவர். அதில் கட்டம் கட்டமாக மரண அறிவித்தல், திருவிழா, பஸ், மழை, மண்சரிவு. வரிசை நான் போட்டது. மரணம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. சாவு விழுந்தால் தப்பு மேளச் சத்தம் மலை முழுக்கக் கேட்கும், மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த முறையைத் தளத்திலும் வைத்தேன்.

ஒருநாள் அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தார். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை. தன் தோட்டத்துச் சேதிகளைத் தளத்தில் எழுதிவந்தவர். அவருடைய வீட்டுக்காரர் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போயிருந்தார்.

"ஐயா, அதத் தெறந்தா மொதல்ல மால போட்ட மொகமா வருதுங்க. எனக்கு பஸ்ஸும் மழையும் போதும். மத்தத எடுத்துருங்க."

"தப்புச் சத்தம் கேட்டா காதப் பொத்திக்க முடியுமாம்மா?"

"தப்பு ஒரு நாளோட நின்னுருங்க. இது நான் தெறக்கிறப்ப எல்லாம் அடிக்குது."

பிறர் சொல்லி நான் போட்ட வரிசையை மாற்றுவது என் பழக்கமில்லை. அன்று போனை எடுத்தேன்.

கம்ப்யூட்டர்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன். "மொதலாளி, இதத்தானே நான் ஆரம்பத்துலயே சொன்னேன்" என்றார். "அவங்கவங்க பக்கத்த அவங்கவங்களே அடுக்கிக்கட்டும். வேணாத கட்டத்த மூடிக்கட்டும்."

"மூடிட்டா கேதம் எப்படிம்மா போய்ச் சேரும்?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. முன்பெல்லாம் கேதம் என்னும் சாவுச் சேதியைச் சொல்ல ஆள்தான் போகும். படி ஏறி, முகம் பார்த்துச் சொல்லும். தளம் வந்தபின் சனங்கள் அதை விட்டுவிட்டார்கள். 'நெட்டுல போட்டாச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்' என்று இருந்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு சட்டம் போட்டேன். எந்தக் கட்டத்தையும் யாரும் மூடலாம். மரணக் கட்டத்தை மூடுகிறவர் மட்டும், தனக்குக் கேதம் சொல்ல யார் வர வேண்டும் என்று ஒருவர் பெயரைக் குறித்துவிட்டுத்தான் மூட வேண்டும். உறவில் சாவு விழுந்து அறிவித்தலில் மூடியவரின் பெயர் வந்தால், சேதி அந்த ஆளின் போனுக்குப் போகும். படித்தவர் எவருக்கும் இந்த யோசனை வரவில்லை.

முதலில் மூடியவர் அந்தப் பெண்தான். குறித்திருந்த பெயரைப் பார்த்தேன். என் பெயர்.

போன் போட்டுக் கேட்டேன். "ஒங்க சொந்தக்காரங்க ஒருத்தரும் கெடைக்கலயாம்மா?"

"அவங்க மறந்துருவாங்கய்யா. நீங்க பெரும பேசுற ஆளு. பேசுனதுக்காகவாவது வந்துருவீங்க."

மழைக்காலத்தில் ஒரு காலை எனக்கு அந்தச் சேதி வந்தது. உடப்புசல்லாவையில் ஒரு மூத்த பெண் இறந்துவிட்டார். துக்கம் காப்போர் பெயர்களில் தங்கை என்று அந்த அக்கரப்பத்தனைப் பெண்ணின் பெயரும் இருந்தது. செத்த வீட்டுக்குப் பேசினேன். "தங்கச்சிக்குச் சொல்லியாச்சா?" "நெட்டுல போட்டாச்சுங்களே. அந்தி நாலு மணிக்கு எடுத்துருவோம்."

கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு வேனை எடுத்தேன். வழியெல்லாம் பனி. என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மேடையில் ஏறினால் இறங்காத எனக்கு ஒரு வரி கூட அமையவில்லை.

பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். வேனையும் என்னையும் பார்த்தார். தட்டுவது நின்றது. குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார்.

"யாருங்கய்யா?"

"அக்கா."

வாசல் படியில் உட்கார்ந்தார். நான் அந்த ஈரப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எடுத்துட்டாங்களா?" என்றார்.

"இல்லம்மா. இப்பப் பொறப்பட்டா மொகத்தப் பாத்துறலாம்."

நுவரெலியாவைத் தாண்டினோம். போன் அவர் மடியில் கிடந்தது. பிறகு கேட்டார், "அந்தக் கட்டத்துல அக்கா படம் போட்டாச்சாங்க?"

"போட்டாச்சு. பாக்குறீங்களா?"

"வேணாங்கய்யா. நான் நேர்லயே பாத்துக்கிறேன்."

கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டு வேகத்தைக் கூட்டினேன்.