ஒரு வாய்ப் பூரி

சர்வேயர் சாரை நினைத்தால் முதலில் என் காதில் விழுவது அவருடைய பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம்தான். சீரகம் போட்டு வீட்டில் காய்ச்சிய வெந்நீர் அதில் இருக்கும். அதைத் தவிர வேறு தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கி நான் பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் நிலம் அளக்கும் வேலையில் அவருக்குக் கீழே செயின்மேனாகச் சேர்ந்தேன். இரும்புச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்புகளில் அவர் பின்னால் நடக்க வேண்டும். மெலிந்த மனிதர். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே இருப்பார்.

மதியத்துக்குள் டவுனுக்குத் திரும்பிவிட்டால் பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ஒரு ஹோட்டலுக்கு என்னை அழைத்துப் போவார். அங்கே சப்ளையரிடம் அவர் நடத்தும் விசாரணை எனக்குக் கூச்சமாக இருக்கும். கோதுமையும் பாலும் அவர் வயிற்றுக்குப் பகை. தோசை ஊற்றிய கல்லில் அதற்கு முன்னால் ரவா தோசை ஊற்றினார்களா, கூட்டில் பால் விட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பெருங்காயத்தைக்கூட விடமாட்டார், கட்டிப் பெருங்காயத்தில் மாவு கலப்பதை, பட்டுத்தான் தெரிந்துகொண்டிருந்தார். ஒருநாள் சப்ளையர் பொறுமை இழந்து, "சார், இது ஹோட்டலு. ஆஸ்பத்திரி அந்தா, அந்தப் பக்கம் இருக்கு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாரும் சேர்ந்து சிரித்தார். கடைசியில் வெறும் சோற்றில் உப்பைத் தூவி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, என் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். பொறாமையோடு அல்ல. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஊர் பார்க்கிறவரைப் போல. "அந்தக் கொழம்பு எப்படிப்பா இருக்கு? புளிப்பா, காரமா?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார்.

விசாரணை தவறிய ஒருநாளில் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அகரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், முழங்காலை வயிற்றில் இடுக்கிக்கொண்டு மண்ணில் சுருண்டு கிடந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆகவே மற்றவர்கள் என்ன நினைத்தாலும் அவருடைய மறுப்பை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

என் அம்மாவுக்கு அது தெரியாது; நானும் சொல்லிவைக்கத் தவறிவிட்டேன். ஆத்தூர் அணைக்குப் போகும் வழியில், ஊருக்கு வெளியே இருந்த காலனியில் எங்கள் வீடு. அம்மா பூப்பறிக்கும் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவள். அந்தப் பக்கம் அளவை வேலை வந்தபோது, வெயில் தாழட்டும் என்று சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆபீஸர் ஒருவர் எங்கள் தெருவுக்குள் நுழைந்து, எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அம்மா முந்தின நாளே பால் சொல்லிவைத்து, சேமியா பாயசம் காய்ச்சியிருந்தாள். புது டம்ளரில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வயித்துக்கு ஆகாதும்மா. கோவிச்சுக்கிடாதீங்க" என்றார் சார்.

"தண்ணியாச்சும் குடிங்க சார்."

அவர் பிளாஸ்கைக் காட்டினார். அம்மா தலையாட்டினாள். எங்கள் தெருவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எப்போதும் வயிறு நிறைந்திருக்கும், அல்லது விரதமாக இருக்கும், அல்லது இப்போதுதான் காப்பி குடித்துவிட்டு வந்திருப்பார்கள். அம்மா அந்தக் காரணங்களைக் கேட்டே வளர்ந்தவள். சார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே அவள் என்னிடம் சொன்னாள்: "நல்ல மனுசந்தான் அப்பு. ஆனா நம்ம கைத் தண்ணி ஆகலைல்ல."

மெதுவாகத்தான் சொன்னாள். எங்கள் வீடு அம்புட்டுப் பெரிய வீடில்லை. அன்று சாயங்காலம் சாரும் நானும் பஸ்ஸில் டவுனுக்குத் திரும்பினோம். இறங்கும்போது அவர், "உங்கம்மா டவுனுக்கு எப்ப வருவாங்க?" என்று கேட்டார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுவதற்காக டவுனுக்கு வந்தபோது எங்கள் இருவரையும் அதே ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். தன் வயிறு எங்கேயும் இப்படித்தான் என்பதை அவள் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அவருடைய திட்டம். அம்மா அதற்கு முன் ஹோட்டல் மேசையில் உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் நுனியில், எழுந்து போகச் சொல்வார்களோ என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். சார் அவளுக்குப் பூரி சொன்னார். புஸ்ஸென்று உப்பி வந்த பூரியைப் பார்த்து அவள் குழந்தைபோலச் சிரித்தாள். "சாருக்கு?" என்றார் சப்ளையர். சார் பிளாஸ்கை எடுத்து மேசைமேல் வைத்து, "பாத்தீங்களாம்மா, இங்கயும் எனக்கு இம்புட்டுதான்" என்றார்.

அம்மா பூரியைத் தொடவில்லை. "நீங்க சும்மா இருக்கையில எனக்கு எறங்காது சார்" என்றாள். பிறகு ஆவி பறக்கும் பூரியில் ஒரு துண்டு பிய்த்துக் கிழங்கில் தொட்டு, அவரிடம் நீட்டினாள். "ஒரு வாய்."

"அம்மா, வேணாம்" என்று நான் அவள் கையைப் பிடித்தேன். சார் என் கையை விலக்கினார். அவள் விரலிலிருந்து அந்தத் துண்டை வாங்கி, வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். கூடவே, "கெழங்குல இஞ்சி தூக்கலா இருக்கு" என்றார், இத்தனை நாள் என்னிடம் கேட்டே தெரிந்துகொண்டதை அன்று தானே சொல்லிவிட்ட சந்தோஷத்தில். அம்மா அதன் பிறகுதான் சாப்பிட்டாள். முழுதும் சாப்பிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் கிளம்பச் செத்த நேரம் இருந்தது. சார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாந்தி அடங்கவே இல்லை. அம்மா ஓடிப்போய் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். "ஏஞ்சாமி, எதுக்குத் தின்னீங்க? ஆகாதுன்னு சொல்லக்கூடாதா?" என்று அழுதாள். சொன்னதையெல்லாம் அவள் அப்போதுதான் கேட்டாள் போலிருந்தது. "ஒண்ணுமில்லம்மா. நல்ல பூரி" என்றார் அவர்.

சில நாட்களில் வேலைக்குத் திரும்பினார். ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் ஆளே கரைந்துபோனார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பி வரவில்லை. குடலில் பல வருடமாக இருந்த நோய், எதைச் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இதுதான் முடிவு என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி எங்களிடம் சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. அன்று அவள் நீட்டியது பாசத்தாலா, சோதிக்கவா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு யாருக்கும் அவள் தன் கையால் எடுத்து நீட்டவில்லை. சட்டியை நடுவில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். வருகிறவர்களிடமெல்லாம், "ஒங்களுக்கு ஆகுமா?" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்பாள். என் மனைவி முதலில் அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது எனக்கே வயிறு சரியில்லை. பாலை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஹோட்டலில் நான் விசாரித்தால் யாரும் சிரிப்பதில்லை. பையன்கள் உள்ளே போய்க் கேட்டுவந்து பதில் சொல்கிறார்கள். இதற்கு டாக்டர்கள் ஒரு பெயரும் சொல்கிறார்கள், மாத்திரையும் இருக்கிறது. எதிர் நாற்காலி காலியாக இருந்தால் மட்டும் என்னால் அங்கே உட்கார முடிவதில்லை. பார்சல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண் என்னைத் தாண்டி வாசல் பக்கம் போனது.

"சாரு சாப்ட்டாரா?" என்றாள்.

"சாப்ட்டாரும்மா. நல்லா சாப்ட்டாரு."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தாள்.