மாற்றுச் சேவர் கிளம்பிய நாட்கள்

எல்லோருடைய பதிவுகளையும் வைத்திருக்கிற பிரதான சேவர் கொம்பியூட்டர் படுத்தால் ஓடுவதற்கென்று இன்னொன்றைத் தயாராக வைத்திருப்பதுதான் நம்முடைய உத்தியோகம். அது ஓட வேண்டிய நாளில்தான், சேவர் பார்க்கிற தொழில்காரரே, உங்களுக்கும் எனக்கும் மானம் போகும்.

யுத்த காலத்தில் மட்டக்களப்பு டவுனில், இடம்பெயர்ந்தவர்களைப் பதிகிற ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு இந்த வேலை. எந்தக் குடும்பம் எந்த முகாமில் என்பதெல்லாம் கொம்பியூட்டரில் இருந்தது. கரண்ட் நினைத்தபாட்டுக்குப் போய் வரும் ஊர். அதனால் இரண்டு சேவர்.

முதல் ஒத்திகை

மாற்றுச் சேவரைக் கிளப்பினேன். பதிவுகள் ஒன்று குறையாமல் இருந்தன. ஆனால் ஒருவரையும் உள்ளே விடவில்லை. பதிவுகளோடு எங்கள் ஆட்களின் பெயர்களும் வந்துவிடும். கதவைத் திறக்கிற லொகின் மட்டும் அந்தந்த மெசினுக்குச் சொந்தம், கூட வராது. இரண்டையும் ஆள் ஆளாக முடிச்சுப் போட வேண்டும். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். ஆனாலும் நெடுநாள் தெரிந்தவன்போல, பதிவு மேசைக்குப் பொறுப்பான டெரன்ஸ் அண்ணனுக்கு அரை மணித்தியாலம் விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் விளங்குது தம்பி. இப்ப நான் வேலை செய்யிறதா, வீட்ட போறதா?"

இரண்டாம் ஒத்திகை

இந்த வெட்கமே வேண்டாமென்று எல்லோருக்கும் எல்லா அனுமதியையும் அள்ளிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள், இரண்டு தரம் பதிந்த ஒரு குடும்பத்தை அழிக்கப்போன புதுப் பிள்ளை ஒரு முகாமையே அழித்துவிட்டாள். ஒத்திகை என்பதால் தப்பினோம், பிரதான சேவரில் எல்லாம் பத்திரம். ஆனால் நான் சும்மா இருந்தேனா? எல்லோருக்கும் முன்னால் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் தலை நிமிரவில்லை.

"கூடாதெண்டா மெசின் விடாதுதானே எண்டு நினைச்சன் சேர்."

அன்றோடு நான் கண்டிப்பான ஆள் ஆனேன். ஆளுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான் அனுமதி.

கதிரவெளியிலிருந்து வந்தவர்

ஒரு காலை கரண்ட் எகிறி வந்து பிரதான சேவர் கருகிப் போனது. மாற்றுச் சேவரைப் போட்டால், முந்தின நாள் பிரதான சேவரிலிருந்து புதிதாகப் பிரதி எடுத்ததில் நான் போட்ட முடிச்செல்லாம் அவிழ்ந்து கிடந்தது. முதலிலிருந்து தொடங்கினேன். வெளியே சனம்.

அதில் ஒருவர் பூமணி அக்கா, கதிரவெளி. ஓடி வரும்போது சின்ன மகளைத் தங்கச்சியின் ட்ரக்டரில் ஏற்றிவிட்டு, இவர் நடந்து வந்திருக்கிறார். ட்ரக்டர் எங்கே போனதென்று தெரியாது. பின்னேரம் ஆமிக்காரர் றோட்டைப் பூட்டிவிடுவார்கள், அதற்கு முன் போக வேண்டும். நேரே என் கதவடிக்கு வந்தார்.

"தம்பி, புள்ள எந்த முகாமெண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்கக்கா. இன்னும் அனுமதி சரிவரல்ல. சரிவந்தா அந்த மேசையில சொல்லுவாங்க."

இன்னொரு தரம் வந்தார். அதையே கொஞ்சம் சினந்து சொன்னேன்.

எல்லாம் முடிந்து டெரன்ஸ் அண்ணன் லொகின் போட்டு உள்ளே போனதும் முதலில் அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் தட்டினார். செட்டிபாளையம் பள்ளிக்கூட முகாம்! பஸ்ஸில் போகிற தூரம். ஆனால் றோட்டுப் பூட்டியாயிற்று. பிள்ளையின் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா நிலத்தில் குந்திவிட்டார்.

"விடியத்தொடக்கம் ஒருத்தராலயும் உள்ளுக்குப் போக ஏலாமப் போச்சக்கா" என்றேன்.

டெரன்ஸ் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க உள்ளுக்கதானே தம்பி இருந்த?"

உண்மைதான். உள்ளே இருந்தால்தானே மற்றவர்களின் முடிச்சைப் போடலாம். ஒரு பெயரைத் தட்டிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். அது மேசையின் வேலை, என் வேலையில்லை என்று புத்தியில் இருந்ததால் அந்த எண்ணமே வரவில்லை. பூமணி அக்காவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. டெரன்ஸ் அண்ணனைத்தான் தடுத்தார்.

"தம்பியப் பேசாதீங்க. அவரும் விடியத்தொடக்கம் ஒண்டும் சாப்பிடல்ல."

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் அவர் மகளிடம் போய்ச் சேர்ந்தார்; நான் அறிக்கையில் 'சேவர் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.