பன்னிரண்டு லிட்டர் பியர், நூற்றிருபது லிட்டர் டிரம்

டிரம்மின் வயிற்றில் காதை ஒட்டிவைத்து ஒரு விரலைத் தூக்கிவிட்டார் வுயிசிலே. அவர் விரலைத் தூக்கினால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. ரேடியோவை அணைக்க வேண்டும். உள்ளே பியர் நுரைக்கும் சத்தத்தைக் கேட்கிறாராம். "பேசுது... மெதுவாப் பேசுது," என்பார். அவர் மனைவி தொசாமாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறும். நூற்றிருபது லிட்டர் பிடிக்கும் நீல டிரம்மில் பன்னிரண்டே லிட்டர் பியர் அடியில் கிடக்கிறது. காதை வைத்திருப்பதோ நடுவயிற்றில். அங்கே என்ன பேசும், காற்றா?

ம்தன்சானே ஊர்ப் பஸ் பணிமனையில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவர் வுயிசிலே. எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவார். சட்டை தொளதொளக்கும், செருப்பு பின்னால் இழுபடும். மக்காச்சோள மாவும் முளைகட்டிய சோளமும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி மாதம் ஒருமுறை புளிக்கவைப்பார். மகன்கள் இருவரும் கேப்டவுன் போன பிறகு குடிக்கவும் ஆளில்லை, சோளம் விற்கிற விலையில் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் காய்ச்சவும் முடியாது. ஆனால் டிரம் மட்டும் அதே டிரம்.

"இந்தாங்க, வாளி இருக்கு. இருபது லிட்டர். இதுல ஊத்துனா என்ன குறைஞ்சு போகும்?"

"வாளியைப் பாத்தா வர்றவன் என்ன நினைப்பான்? இந்த வீட்டுக்கு நாலு பேரு வந்து போறதில்லைன்னு நினைப்பான்."

"வர்றவன் டிரம்மையா குடிக்கப் போறான்?"

வுயிசிலே டிரம்மைத் தட்டிக்கொடுப்பார், அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம்; அப்போது கூத்து இன்னும் மோசம். அத்தனை பெரிய டிரம்மில் அத்தனூண்டு பியருக்குச் சூடு எப்படி நிற்கும்? சோம்பிப்போய் நுரைக்காமல் கிடக்கும். உடனே வீட்டிலுள்ள கம்பளிகளை எல்லாம் உருவி டிரம்முக்குச் சுற்றுவார். தொசாமா கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்குவாள்.

அப்புறம் அந்தத் தீக்குச்சி. பியர் பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க அந்த ஊரில் எல்லோரும் தீக்குச்சியைக் கொளுத்தி நுரைக்குமேல் பிடிப்பார்கள். நுரையிலிருந்து கிளம்பும் வாயுவில் பொசுக்கென்று அணைந்தால் வடிகட்டலாம். இவர் டிரம்மின் வாயில் பிடிப்பார். பியர் பாதாளத்தில் கிடக்க, குச்சி மேலே ஜம்மென்று எரியும். "இன்னும் ஆகலை, நாளைக்கு," என்பார். நாளைக்கும் எரியும். இப்படியே இந்த வருஷம் இரண்டு தடவை காடியாய்ப் போனது. பக்கத்து வீட்டு ஆண்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சம் முழுவதையும் முன்னோர்களுக்கென்று வெகு பக்தியாய்த் தரையில் ஊற்றினார்கள்.

இந்தத் தடவை அது நடக்கக் கூடாது. சனிக்கிழமை மகள் லிந்தெல்வாவைப் பெண் கேட்டு நான்கு பெரியவர்கள் வருகிறார்கள். பியர் மறுபடி காடியாய்ப் போனால், இந்த வீட்டில் ஒன்றும் ஒழுங்கில்லை என்று ஊருக்கே போய்ச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை குச்சி எரிந்தது. "திங்கக்கிழமை ஆகிடும்," என்றார் வுயிசிலே.

"திங்கக்கிழமையா? நாளைக்கு வர்றவங்க வாயில என்னத்த ஊத்தறது, உங்க தலையையா?"

தீப்பெட்டியைப் பிடுங்கினாள் தொசாமா. கஞ்சி துழாவும் நீளக் கம்பின் நுனியில் ஒரு குச்சியை நூலால் கட்டி, கொளுத்தி, டிரம்முக்குள் இறக்கினாள். நுரைக்கு ஒரு சாண் மேலேயே அணைந்துவிட்டது.

வுயிசிலே எட்டிப்பார்த்தார். "பாத்தியா, மம்பேனே? சொன்னேன்ல, இப்பத்தான் பக்குவம் வருதுன்னு." காரியம் ஆக வேண்டுமானால் மனைவியின் குலப்பெயர் வாயில் வந்துவிடும். அவள் கம்பை ஓங்கினாள், பிறகு வடிகட்டப் போனாள்.

பியர் அருமையாக இருந்தது. சனிக்கிழமை பெண்ணின் சித்தப்பன்மார் வந்தவர்களோடு உள்ளே பேசி முடித்ததும் எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா பேச்சில் கலக்கக் கூடாது என்ற வழக்கப்படி வுயிசிலே ஒதுங்கி டிரம் பக்கத்திலேயே நின்றார். தகரக் குவளை கைமாறிக்கொண்டே இருந்தது. சக்கை போக வாளியில் வடித்த பத்து லிட்டர் எட்டுப் பேருக்கு எத்தனை நேரம் வரும்? வாளி காலியானது தொசாமாவுக்கு மட்டும் தெரியும்.

வந்தவர்களில் மூத்தவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு டிரம்மைப் பார்த்தார். "அண்ணே, அதுலேர்ந்து இன்னொரு சுத்து விடுங்களேன்."

தொசாமா நேற்றே கழுவிக் காயவைத்த டிரம் அது.

வுயிசிலே அவசரப்படவில்லை. குனிந்து டிரம்மின் வயிற்றில் காதை வைத்தார். ஒரு விரலைத் தூக்கினார். முற்றமே வாயை மூடிக்கொண்டது. ஒருவர் குவளையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

"பேசுது... மெதுவாப் பேசுது. இன்னும் ஒரு நாள் ஆகும். பச்சையாக் குடுத்தா உங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு."

மூத்தவர் டிரம்மை அடியிலிருந்து மூடிவரை அளந்து பார்த்தார். "இவ்வளவு இருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். "நம்ம பையன் குடுத்துவச்சவன்தான்ப்பா."

"குளிர்காத்து அடிக்குது, மம்பேனே," என்றார் வுயிசிலே, நிமிராமலே. "பாவம், நடுங்குது பாரு."

தொசாமா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். தன் படுக்கையிலிருந்த கம்பளியை எடுத்துவந்து, காலி டிரம்மைச் சுற்றிப் போர்த்தி, நுனியை இறுக்கிச் செருகினாள்.