லக்ரிட்ஸுக்கு எவ்வளவு வெட்டுவது

ஒக்டோபர் வந்து, காலையில் சைக்கிள் இருக்கையில் ஈரம் பிடிக்கத் தொடங்கினால், எனக்கு ஒரு குதிரையின் கழுத்துக்குள் முகத்தைப் புதைக்க வேண்டும் போலிருக்கும். கொப்பன்ஹேகனில் படித்துக்கொண்டு, எந்நேரமும் எதையாவது பிடிக்க ஓடுகிற ஒருத்திக்கு இது வசதியான ஆசையில்லை. பஸ்ஸில் யாராவது நனைந்த கம்பளிக் கோட்டோடு பக்கத்தில் நின்றால், குதிரை மணக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறை ஒரு பெண் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அவளில் பிழையில்லை.

இந்த ஆசை தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. டென்மார்க்கின் மறுபக்கத்தில், பிராண்டே என்ற சின்ன ஊரில் இருந்தோம். அப்பாவுக்குக் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். ஊருக்கு வெளியே, காரில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு பண்ணை. அங்கேதான் லக்ரிட்ஸ் என்ற குதிரை நின்றான். இங்கே பிள்ளைகள் சப்புகிற கறுப்பு இனிப்பின் பெயர் அது. நிறமும் அதே கறுப்பு. குட்டைக் கால், பெரிய வயிறு, கண்ணை மறைக்கிற நெற்றி மயிர். வாரத்தில் இரண்டு நாள் அவனைத் தேய்த்து, சாணம் அள்ளி, ஏறி ஓட்டலாம் என்று பண்ணைக்கார அம்மா எனக்கு இடம் தந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டால் அவன் என் குதிரைதான்.

அப்பா கொண்டுபோய் விடுவார். ஆனால் காரைவிட்டு இறங்க மாட்டார். ஹீட்டரைப் போட்டு, இருக்கையைச் சாய்த்து, போனில் செய்தி கேட்பார்.

"வந்து ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன் அப்பா."

"அவருக்கு என்னைப் பிடிக்காது, எனக்கு அவரைப் பிடிக்காது. சமாதானமா இருக்கிறம், அதைக் குழப்பாதை."

அந்த ஒக்டோபரில் பண்ணைக்கார அம்மா ஒரு செய்தி சொன்னார். ஜனவரி கடைசியில் பக்கத்து ஊர்ச் சவாரிக் கூடத்தில் சின்னதாக ஒரு போட்டி. நானும் லக்ரிட்ஸும் போகலாம். ஆனால் அதுவரை வாரத்தில் நான்கு நாள் அவன் ஓட வேண்டும். அங்கேதான் சிக்கல். குளிர்காலத்துக்காக அவனுக்குக் கரடிபோல மயிர் அடர்ந்துவிட்டிருந்தது. அந்த மயிரோடு ஓடினால் வியர்க்கும், வியர்வை காயாது, ஈரத்தோடு நின்று விறைப்பான். ஆகவே மயிரை வெட்ட வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கழுத்தும் விலாவும் வயிறுமாக அகலமாக வெட்டினால் நன்றாக ஓடலாம். ஆனால் பிறகு குளிர்காலம் முழுக்க அவனுக்குப் போர்வை வேண்டும். மழைக்கு ஒன்று, உறைபனிக்கு ஒன்று என்று தினமும் யாராவது வந்து பார்த்து மாற்ற வேண்டும். தொண்டையிலும் நெஞ்சிலும் மட்டும் வெட்டினால் போர்வை தேவையில்லை, போட்டியும் இல்லை.

"எனக்கு முழங்கால் வருத்தம். நான் மாற்ற மாட்டேன். யார் தினமும் வருவது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வா" என்றார். எனக்குக் காதில் விழுந்தது போட்டி மட்டுந்தான்.

வீட்டில் கேட்கவில்லை, அறிவித்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வெட்டுகிறோம் என்று. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை ஆராவது மயிர் வெட்டுவினமே?"

"அம்மா, அது குதிரை!"

"குதிரையெண்டால்? அதுக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதானே."

பண்ணைக்கார அம்மாவிடம், வெள்ளிக்கிழமை எனக்குப் பல் வைத்தியர் என்று பொய் சொல்லிச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். அந்த நாட்களில் அப்பாவும் அம்மாவும் குசினிக் கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் கதைப்பார்கள். நான் போனால் நிறுத்துவார்கள். குதிரையின் மயிரைப் பற்றித்தான் இவ்வளவு கதை என்று நம்பினேன். என் வயதில் உலகத்தில் வேறு பிரச்சினை இருக்கவில்லை.

சனிக்கிழமை போனால், வெள்ளி இரவு மழையில் லக்ரிட்ஸ் சேற்றில் உருண்டுவிட்டு நின்றான். மண்ணோடு வெட்டினால் மயிர் வெட்டும் மெஷினின் பல் மழுங்கிவிடும். இரண்டு மணித்தியாலம் தேய்த்தேன், அம்மாவின் வெள்ளிக்கிழமையைத் திட்டிக்கொண்டே. பிறகு வெட்ட வேண்டிய எல்லைக்கு வெண்கட்டியால் கோடு போட்டேன். காதுக்குப் பின்னாலிருந்து தோளைத் தாண்டி, விலாவின் நடுவால், பின்தொடை வரைக்கும். நான் பார்த்த எந்தப் படத்திலும் அதைவிட நேரான கோடு இருந்திருக்காது.

அப்போதுதான் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்பா இறங்கி, தொழிற்சாலைச் சப்பாத்தோடு சேற்றைத் தாண்டித் தாண்டி வந்தார்.

"இவ்வளவும் வெட்டப்போறியோ?"

"ஓம்."

"கொஞ்சமா வெட்டினால் காணாதோ, குஞ்சு?"

எனக்குப் பொறுக்கவில்லை. வியர்வை, காற்று, உடற்சூடு என்று இரவிரவாக வாசித்ததையெல்லாம் டெனிஷில் கொட்டினேன். வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை வந்தாயிற்று, இனி எந்தச் சாத்திரமும் குறுக்கே வரக்கூடாது, இது விஞ்ஞானம் என்றேன்.

"ஓமோம், விஞ்ஞானம்தான்" என்றார். என்றுவிட்டு உள்ளங்கையால் என் கோட்டைத் துடைத்தார்.

நான் திரும்பப் போட்டேன். அவர் திரும்பத் துடைத்தார். குதிரையைத் தொட விரும்பாத மனிதர், தோளிலிருந்து தொடைவரை தடவிக்கொண்டு போனார். பண்ணைக்கார அம்மா மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார், ஜனவரியிலும் பெப்ரவரியிலும் தினமும் வர முடியுமா என்று.

"முடியும்!" என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பண்ணைக்கார அம்மாவைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். இருவரும் வாசல்பக்கம் போய் ஒரு நிமிடம் கதைத்தார்கள். திரும்பி வந்த பண்ணைக்கார அம்மா என் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கி, தொண்டையிலும் நெஞ்சிலும் ஒரு சின்னக் கோடு போட்டார். சோறு ஊட்டும்போது குழந்தையின் கழுத்தில் கட்டுகிற துணியளவுதான் இருக்கும். அவ்வளவுதான் என் போட்டி.

"உங்களுக்குக் குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாது" என்று டெனிஷில் சொன்னேன். அந்த மொழியில் சொன்னால் அவருக்குக் கூடுதலாக நோகும் என்று எனக்குத் தெரியும்.

"ஓம் குஞ்சு, எனக்குத் தெரியாதுதான்."

மெஷின் இரைந்த இருபது நிமிடமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பாதான். லக்ரிட்ஸ் அவருடைய ஜக்கெட்டில் மூக்கைத் துடைத்தான். அவர் விலகவில்லை.

நான்கு நாள் அவரோடு கதைக்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், சாப்பாட்டு மேசையில் வைத்து, கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பிக்குக் குடிபோகிறோம் என்றார்கள். தொழிற்சாலையில் அப்பாவின் பகுதியை மூடுகிறார்களாம். அங்கே இருக்கிற மாமா அப்பாவுக்கு ஒரு வேலை தேடி வைத்திருக்கிறாராம். வீடு இன்றைக்குத்தான் சரிவந்ததாம். இருவருக்கும் செப்டெம்பரிலிருந்தே தெரியுமாம். "ஒரு காரியம் சரிவர முன்னம் வெளியில விட்டால் நாவூறு பட்டுப்போம்" என்றார் அம்மா. "உன்ர வாயில ஒண்டும் நிக்காது." ஆகவே எனக்கு மட்டும் சொல்லவில்லை. அன்றைக்குப் பண்ணை வாசலில் அப்பா சொன்னது இதைத்தான். நாங்கள் போன பிறகு, போர்வை மாற்ற ஆளில்லாமல், மயிரில்லாத குதிரை ஜனவரிக் குளிரில் நிற்க வேண்டாம் என்று. இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் எடுத்தன. அந்த மேசையில் நான் நினைத்ததெல்லாம், முதலில் போட்டியைப் பறித்தார்கள், இப்போது குதிரையையும் பறிக்கிறார்கள் என்பதுதான்.

நாங்கள் போன அன்று பனி கொட்டியது. பின்னிருக்கையில் பானைகளுக்கும் தலையணைகளுக்கும் நடுவில் இருந்தேன். நான் கேட்காமலே அப்பா பண்ணைப் பக்கம் காரைத் திருப்பினார். லக்ரிட்ஸ் வெளியில் தனியே நின்றான். முதுகின்மேல் இரண்டு விரல் உயரத்துக்குப் பனி. அப்படியே உருகாமல், வீட்டுக் கூரையில் கிடப்பதுபோலக் கிடந்தது.

"பாருங்கோ! பனிகூட உருகேல்லை! அவ்வளவு விறைச்சுப்போனான்!" வேலிக்குக் கீழால் குனிந்து ஓடினேன். கையுறையால் பனியைத் தள்ளினேன். தள்ளத் தள்ள மேலே விழுந்தது. கழுத்துக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

அப்பா வேலிக்கு வெளியில் நின்றார். "அவனுக்குக் குளிராது, குஞ்சு. வா."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் போய்க் காரைத் திருப்பி நிறுத்தினார். நான் ஏறியபோது கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே தெரியவில்லை.

குதிரையின் முதுகில் பனி உருகினால்தான் பயப்பட வேண்டும். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகிறது என்று அர்த்தம். உருகாமல் கிடந்தால், அவ்வளவும் உள்ளேயே இருக்கிறது. எவ்வளவோ வாசித்த எனக்கு அது அன்று தெரியாது. பிராண்டேயைத் தாண்டும் வரைக்கும் கண்ணாடியில் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்கு இங்கிருந்து போவதில் ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தேன்.